ஒரு கிண்ணம் மீன் தண்ணியும் வசுகியின் விசாவும்

விரத நாளில் ஒரு கிண்ணம் மீன் தண்ணியைக் குடித்த குற்றத்துக்காக முருகப்பெருமான் என் மனைவியின் கனடா விசாவை மறித்துவிட்டார் என்று முன்னொரு காலத்தில் நான் முழுமனதாக நம்பினேன். நம்பினேன் என்றால் சும்மா இல்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். இத்தனைக்கும் நான் படித்தவன். திருகோணமலையில் விஞ்ஞானம் படித்து, தவளையின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பரீட்சையில் படம் கீறி நல்ல புள்ளி எடுத்தவன். பயம் வந்தால் தவளையாவது ஒன்றாவது!

இன்றைக்கு இந்தக் கதை ஞாபகம் வந்தது ஒரு போத்தல் மூடியால். ஞாயிற்றுக்கிழமை. வசுகி காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். மகள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் படிக்கிறாள். மண், புழு, தோட்டம் சம்பந்தப்பட்ட படிப்பு. மத்தியானம் இரண்டு சிநேகிதிகளோடு வருகிறாளாம். "அப்பா, அந்த ரைஸ் பேப்பர் ரோலும் உங்கட சோஸும்" என்று போனில் சொல்லிவிட்டு, நான் மறுமொழி சொல்வதற்குள் வைத்துவிட்டாள். 'உங்கட சோஸ்' என்றாளே, அந்தச் சொல்லில் நான் கரைந்துபோனேன். அது என்னுடைய சோஸ் இல்லை என்பது வேறு கதை. இல்லை, அதேதான் கதை.

போகும்போது வசுகி வாசலில் நின்று சொன்னாள்: "அந்தப் போத்தலைத் திறக்கிறதெண்டால் ஜன்னலையும் திறவுங்கோ. போன முறை திரைச்சீலை ஒரு கிழமை மணந்தது."

திறந்தேன். இரண்டையும்.

மீனை உப்போடு மாதக்கணக்கில் பீப்பாயில் ஊறப் போட்டு, வடிகிற தண்ணியை எடுத்துப் போத்தலில் அடைத்தால் அதுதான் வியட்நாமியரின் மீன்சாறு. நேரே மணந்தால் ஆள் பின்னுக்குப் போவான். சுடுதண்ணியில் சீனி கரைத்து, தேசிக்காய் பிழிந்து, இதையும் விட்டு, உள்ளியும் கொச்சிக்காயும் அரிந்து போட்டால் அதே ஆள் கிண்ணத்தை விட்டு எழும்ப மாட்டான். கடலோரத்தில் பிறந்தவனுக்கு இந்த மணத்தில் சொந்த ஊர் ஞாபகம் வரவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு வருவதில்லை. எனக்கு வருவது மொன்றியலில் ஜோன்-தலோன் மெட்ரோவுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் இருந்த ஒரு சின்னக் குசினி. அதில் ஹூங் நிற்பான். அவன் பெண்சாதி மாய் வாயைக் கையால் மூடிச் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

ஹூங் என்னோடு பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துக் கதிரை. புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்திய வகுப்பு. காலையில் பிரெஞ்சு, பின்னேரம் நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போவேன், அவன் ஒரு தளபாடத் தொழிற்சாலைக்கு மேசைக்கால் பூட்டப் போவான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரித் தடித்த நீலக் கோட், இரண்டு பேரின் பிரெஞ்சையும் சேர்த்தால் ஒரு பால் பக்கெற் வாங்கலாம். ஆனாலும் எங்களைப் போல் கதைத்தவர்கள் அந்த வகுப்பில் இல்லை. கை, கண், புருவம், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறும் படம், எல்லாம் சேர்ந்து ஒரு பாசை. வகுப்பு எடுத்த மடாம் அடிக்கடி எங்களைப் பிரித்து வைத்தா. நாங்கள் இரண்டு கரையில் இருந்தும் புருவத்தால் கதைத்தோம்.

அந்த வருடம் ஐப்பசியில் வசுகிக்கு விசா இன்டர்வியூ வந்தது. கலியாணம் முடித்து இரண்டு கிழமையில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். மூன்று வருடமாக அவளுடைய கையெழுத்தைத்தான் எனக்குத் தெரியும். குரல் மறந்துகொண்டு வந்தது. கொழும்பில், திங்கட்கிழமை காலை இன்டர்வியூ. அதற்கு முதல்நாள் ஞாயிறு சூரன்போர். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறேன், அவளைக் கொண்டுவந்து சேர் என்று முருகனோடு ஒப்பந்தம் போட்டேன். பகல் முழுக்க வெறும் தண்ணி, பொழுதுபட ஒருநேரம் மரக்கறிச் சாப்பாடு. மீனோ இறைச்சியோ, மச்சம் வாசனையும் கூடாது. என்னோடு கோட்-தெ-நெய்ஜில் அறை பகிர்ந்திருந்த தம்பிராசா அண்ணை இந்த விசயத்தில் உச்சநீதிமன்றம். யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் இருந்தவர். எந்த விரதத்துக்கு எந்தப் பழம் ஆகாது என்பதுவரை அவரிடம் சட்டம் இருந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை பின்னேரம் சாப்பிட வரச்சொல்லி ஹூங் கூப்பிட்டான். நான் விரதம் என்று சொல்லவேண்டுமே! மடாமிடம் கேட்டு, கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்குச் சொல்லும் 'கரேம்' என்ற சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து அவனிடம் கொடுத்தேன். ஹூங்கின் முகம் மலர்ந்துவிட்டது. அவன் கத்தோலிக்கன். தன் நெஞ்சில் சிலுவை போட்டு, என் தோளிலும் தட்டினான். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கொப்பியை எடுத்து ஒரு மாடு கீறி அதற்கு மேல் குறுக்குக் கோடு போட்டேன். கோழி கீறிக் குறுக்குக் கோடு. முட்டை, குறுக்குக் கோடு. மீன், இரட்டைக் கோடு. அவன் அந்தத் தாளைக் கிழித்து மடித்து, மாய்க்குக் காட்டவென்று சட்டைப்பையில் வைத்தான்.

எந்த நாட்டில் யார் இப்படிச் செய்வார்கள் சொல்லுங்கள்: என்னுடைய விரதத்துக்காக அவர்கள் புதுச் சட்டி வாங்கியிருந்தார்கள். விலைத்துண்டு இன்னும் பிடியில் ஒட்டியிருந்தது. அந்தச் சட்டியில் ரோஃபூ என்ற சோயாக்கட்டி பொரித்து, அரிசித் தாளை நனைத்து விரித்து, அதற்குள் மெல்லிய நூடில்ஸ், சலாது இலை, புதினா எல்லாம் வைத்துச் சுருட்டிச் சுருட்டி மாய் என் கோப்பையில் வைத்தாள். நடுவில் ஒரு கிண்ணம். தேன் நிறத்தில் தெளிந்த தண்ணி, மேலே சிவப்புக் கொச்சிக்காய்த் துண்டும் உள்ளித் துகளும் கரட் சீவலும் மிதந்துகொண்டிருந்தன.

எனக்கு அப்போது தடிமன். குளிர் தொடங்கிய கிழமை, மூக்கு இரண்டும் அடைத்துக் கிடந்தது. தொட்டுச் சாப்பிட்டேன். புளிப்பு, இனிப்பு, உறைப்பு, அதற்கு அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு ருசி. தேசிக்காய்த் தண்ணி என்று முடிவுகட்டினேன். ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தவனுக்கு அது தேவாமிர்தம். முதலில் தொட்டேன், பிறகு தோய்த்தேன், பிறகு கரண்டியால் விட்டேன். "மாஞ், மாஞ்" என்று ஹூங் பிரெஞ்சில் சாப்பிடச்சொல்லி உற்சாகப்படுத்தினான். கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தே விட்டேன். மாய்க்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதன் செய்முறையைக் காட்ட என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சுடுதண்ணி. சீனி. கரையும்வரை கலக்கு. நான் நல்ல மாணவனாகத் தலையாட்டினேன். பிறகு அவள் அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்தாள். போத்தலின் லேபிளில் ஒரு மீன் வாலை வளைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதற்குப் பிறகு மாயின் உதடு அசைந்ததுதான் தெரியும். என்ன சொன்னாள், எதற்குப் பிறகு எதைப் போட்டாள், எதுவும் காதில் ஏறவில்லை. எனக்கு முன்னால் கொழும்பில் ஒரு மேசை தெரிந்தது. மேசைக்கு இந்தப்பக்கம் வசுகி. அந்தப்பக்கம் ஒரு வெள்ளைக்காரன், கையில் பெரிய றப்பர் முத்திரை. அவனுக்குப் பின்னால் வேலோடு ஒருவர், 'அவசரப்படாதே, இவளின் புருசன் முந்தநாள் என்ன குடித்தான் என்று தெரியுமா' என்று காதுக்குள் ஓதுகிறார்.

ஹூங்கில் பிழை சொல்ல முடியாது. நான் கீறிய மீனுக்குத் தலை, வால், செதில், கண் எல்லாம் இருந்தன. போத்தலுக்குள் இருந்ததற்கு இதில் ஒன்றும் இல்லை. அவனுக்கு அது உப்பு மாதிரி. உப்பை யாராவது படம் கீறிக் குறுக்குக் கோடு போடுவார்களா?

அறைக்கு வந்து சேர்ந்தபோது தம்பிராசா அண்ணை கட்டிலில் தேவாரப் புத்தகத்தோடு இருந்தார். விசாரணை உடனே தொடங்கியது.

"தொட்டனியோ, குடிச்சனியோ?"

"முதல் தொட்டன் அண்ணை. பேந்து குடிச்சன்."

"எவ்வளவு?"

"கிண்ணம்."

"கிண்ணமோ!" புத்தகத்தை மூடினார். "எங்க, வாயை ஊது பாப்பம்."

ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "மனமறிஞ்சு செய்யேல்லை எண்டபடியால் முருகன் கணக்கில எடுக்க மாட்டார்." எனக்கு உயிர் வந்தது. "ஆனா" என்றார், உயிர் திரும்பவும் போனது, "ஒரு கரண்டி எண்டால் அறியாமை. கிண்ணம் முழுக்க எண்டால் அது ஆசையல்லோ, தம்பி?"

தலையோடு தோய்ந்துவிட்டு வரச்சொன்னார். ஐப்பசிக் குளிரில், சுடுதண்ணி ஒழுங்காக வராத அந்தக் கட்டிடத்தில் தோய்ந்தேன். ஈரத்தலையோடு வந்து நின்றேன். எதற்கும் இன்னொரு முறை என்றார். ஞாயிற்றுக்கிழமை, வாடகைக் கட்டிடமொன்றின் நிலவறையில் அப்போது இருந்த கோயிலுக்குப் போய், ஐயரிடம் விசயத்தைச் சொல்லாமல் பெரிய அர்ச்சனையாகச் செய்வித்தேன். 'என்ன விசேசம்' என்று கேட்டார். 'சும்மா' என்றேன். மூக்கிலிருந்து தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. பக்தி என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை காலை, வகுப்புக்கு வெளிக்கிடும் நேரம், கொழும்பிலிருந்து போன் வந்தது. வசுகி வெள்ளவத்தையில் ஒரு கடையில் இருந்து எடுக்கிறாள். இரைச்சலுக்குள்ளால் ஒரு சின்னக் குரல்.

"இன்டர்வியூ நடக்கேல்லை. தள்ளிப் போட்டாங்கள். என்னெண்டால்..."

லைன் அறுந்தது.

நீங்கள் ஒரு வீரனைப் பற்றி வாசிப்பதாக நினைத்திருந்தால் மன்னிக்கவேண்டும். நான் போனைக் கையில் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். தம்பிராசா அண்ணை முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "கிண்ணம்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு வந்த கடிதங்களில் புதுத் திகதியை மாசியில் தருவார்களாம் என்று எழுதியிருந்தாள். எல்லாம் நன்மைக்கே என்று எழுதியிருந்தாள். ஏன் நடக்கவில்லை என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கென்ன, காரணம் எனக்குத் தெரியுமே! அவள் வந்து இறங்கும்வரை மச்சம் தொடுவதில்லை என்று புது ஒப்பந்தம் போட்டேன். திருகோணமலையான் மீனை விடுவதென்றால் அது பகிடி இல்லை. உணவகத்தில் மிச்சமாக வந்த சமன் மீன் துண்டுகளைக் கொட்டும்போது நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். சமையற்காரன் எனக்கு ஏதோ துக்கம் என்று நினைத்தான்.

இதில் பெரிய சோதனை ஹூங்தான். எனக்கு அந்தச் சோஸில் உயிர் என்று அவன் கண்ணால் கண்டவன் ஆயிற்றே. ஒவ்வொரு திங்களும் மாய் கொடுத்துவிட்டதாக ஒரு ஜாம் போத்தல் நிறையக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சும் போதாது, மனமும் போதாது. உன் பெண்சாதியின் சோஸால் என் பெண்சாதியின் விசா நின்றுவிட்டது என்பதை எந்தப் படம் கீறிக் காட்டுவது? வாங்கிக்கொண்டு போய் எங்கள் பிரிட்ஜின் பின்வரிசையில் மறைத்துவைத்தேன். ஆனால் ஒன்று கவனித்தேன். போத்தல்கள் சேரவில்லை. குறைந்துகொண்டே போயின.

ஒருநாள் வேலை வேளைக்கு முடிந்து வந்தால், தம்பிராசா அண்ணை மேசையில் தனியாக இருந்து, புட்டைக் குவித்து, அதற்கு மேல் அந்தச் சோஸைத் தாராளமாக ஊற்றிக் குழைத்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணை! அது மீன்!"

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னன்!"

"நீ சொன்னாய். நான் லேபிளைப் பாக்கேல்லை" என்றார் உச்சநீதிமன்றம். "ஜாம் போத்தலில லேபிள் எங்க கிடக்கு? மனமறிஞ்சு செய்யேல்லை. இரு, உனக்கும் புட்டுப் போடுறன், சோஸ் இல்லாமல்."

மாசியில் இன்டர்வியூ நடந்தது. சித்திரைக் கடைசியில் வசுகி வந்தாள். அப்போது வெளிநாட்டு விமானங்கள் மிராபெலில் இறங்கும். மொன்றியலில் இருந்து அது எங்கோ வயல்வெளிக்குள். எங்கள் யாரிடமும் கார் இல்லை. ஹூங் தன் மச்சானின் வானை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். தம்பிராசா அண்ணை கோட்டும் டையும் கட்டிக்கொண்டு முன்சீற்றில் ஏறினார். நான் பின்னால், மடியில் பூச்செண்டோடு, மாப்பிள்ளை மாதிரியும் இல்லாமல் மரணவீட்டுக்குப் போகிறவன் மாதிரியும் இல்லாமல். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அவள் வந்தாள். எங்கள் கலியாண அல்பத்தில் இருந்தவளைவிட மெலிந்து, பெட்டி வண்டிலைத் தள்ளத் தெரியாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு. "இவ்வளவு குளிருக்கு இந்த மெல்லிய சேட்டோ போட்டிருக்கிறியள்?" என்றாள். அதுதான் முதல் வார்த்தை. மறந்துபோன குரல் அப்படியே திரும்பி வந்து காதில் இருந்தது.

வான் எங்கள் அறைக்குப் போகவில்லை. ஹூங் நேரே தன் வீட்டுக்கு விட்டான். மாய் மேசை நிறைய வைத்திருந்தாள். இந்த முறை இறாலும் இருந்தது. நடுவில் அதே கிண்ணம். வசுகி ஒரு ரோலை எடுத்துத் தோய்த்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதுக்குள்ள மீன் எல்லோ கிடக்கு."

"ஓம்" என்றேன்.

வாயில் வைத்தாள். "நல்லாருக்கு" என்றாள். இன்னொரு முறை தோய்த்தாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்: விரதம், கிண்ணம், இரண்டு தோய்ச்சல், ஆறு மாதம் மச்சம் விட்டது. வசுகிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். மூன்று வருடம் காணாத சிரிப்பு. ஒன்றும் விளங்காமலே ஹூங்கும் மாயும் சேர்ந்து சிரித்தார்கள்.

"ஐயோ, விசா ஒபிசருக்குக் காய்ச்சலப்பா! அண்டைக்கு வந்த எல்லாரையும் திருப்பி அனுப்பினவங்கள். நான் போனில சொன்னனே."

"லைன் அறுந்திட்டுது."

"அறுந்தால் திருப்பிக் கேக்கிறதில்லையோ?"

தம்பிராசா அண்ணை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தபடி சொன்னார்: "ஆளைக் காய்ச்சலில போட முருகனுக்குத் தெரியாதோ, பிள்ளை?"

"நீங்க சும்மா சாப்பிடுங்கோ அண்ணை" என்றாள் வசுகி.

அந்த மேசையைப் போல ஒரு மேசை எனக்குப் பிறகு அமையவில்லை. இந்த டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டில் பத்துப்பேர் இருந்து சாப்பிடக்கூடிய மேசை இருக்கிறது. நானே பூட்டினேன், ஒரு கால் ஆடும். பிரெஞ்சு வகுப்பு நடந்த கட்டிடத்தில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள், பல்கனியில் சைக்கிள் தொங்குகிறது. மிராபெலில் வசுகி வெளியே வந்த அந்தக் கண்ணாடிக் கதவும் இல்லை, கட்டிடமும் இல்லை, இடித்துவிட்டார்கள். தம்பிராசா அண்ணை கடைசிக் காலத்தில் லவாலில் மகன் வீட்டில் இருந்தார். பார்க்கப் போனால் உப்புக் கூடாது, சீனி கூடாது என்று டொக்டர் சொன்னதை எனக்குச் சட்டமாக எடுத்துச் சொல்வார். அவரும் போய்விட்டார்.

சோஸ் செய்து முடித்தேன். நெடுங்காலமாக எனக்கு உள்ளி அடியில் போய்ப் படுத்துவிடும். மாயின் கிண்ணத்தில் மிதந்ததே என்று ஒவ்வொரு முறையும் ஒரு ஏக்கம். மகள்தான் இணையத்தில் பார்த்து, சீனி நன்றாகக் கரைந்து தேசிக்காயும் விட்ட பிறகு, இடிக்காமல் அரிந்து கடைசியில் போடவேண்டும் என்று சொல்லித்தந்தாள். இப்போது மிதக்கிறது. பார்த்தால் அச்சொட்டாக அதேதான். வாயில் வைத்தால் அது இல்லை. என்ன குறைகிறது என்று கேட்க ஆள் இல்லை. காட்டித்தந்த நேரத்தில் நான் வேறு யோசனையில் இருந்தேனே.

வசுகி கோயிலால் வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "மாய் ஆக்கள் இப்ப எங்க இருக்கினமோ" என்றாள்.

அவர்களைத் தொலைத்ததற்காவது ஒரு காரணம் இருந்திருக்கக்கூடாதா என்று எனக்குப் படும். ஒரு சண்டை, ஒரு கோபம், வாய்தவறிச் சொன்ன ஒரு சொல், ஏதாவது. இருந்திருந்தால் அதற்கு ஒரு பரிகாரம் செய்யலாம், குளிரில் நின்று இரண்டு முறை தோயலாம். அப்படி ஒன்றும் இல்லை. மாயின் அக்கா வன்கூவரில் இருந்தா. அவர்கள் அங்கே போனார்கள். புதுவருடத்துக்கு அட்டை அனுப்பினார்கள், நாங்களும் அனுப்பினோம். பிறகு மகள் பிறந்தாள், நாங்கள் கோட்-தெ-நெய்ஜை விட்டு வந்தோம், அவர்களும் வீடு மாறினார்கள். நாங்கள் போட்ட ஒரு அட்டை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நாங்களும் எழுதவில்லை, அவர்களும் எழுதவில்லை.